முட்டை மேல் உட்கார்ந்த முயல்

முயல் முட்டை போடாது. இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். ஆனாலும் புனித வெள்ளி நெருங்கினால் போதும், சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரக் கடைகளில் சாக்லேட் முயல் ஒன்று தங்கத்தாள் சுற்றி, கழுத்தில் மணி கட்டி, முட்டைக் குவியலின் மேல் ஜம்மென்று உட்கார்ந்துவிடும். எல்லாம் தான் பெற்ற பிள்ளைகளாம்!

ஆசாமி ஜெர்மன்காரர். 1682இல் கியோர்க் ஃபிராங்க் என்ற மருத்துவர் ஈஸ்டர் முட்டையைப் பற்றி லத்தீனில் ஒரு கட்டுரையே எழுதினார். முயல் தோட்டத்தில் முட்டையை ஒளித்து வைக்கும் என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கதை விடுகிறார்கள் என்கிறார். டாக்டரின் கவலை முயல் அல்ல, அளவில்லாமல் முட்டை தின்பவர்களின் வயிறு.

சரி, முட்டை எப்படி வந்தது? ‘மூடிய கல்லறை, உள்ளே உயிர்’ என்று பிரசங்கத்தில் கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். அடுப்படிக் கணக்கு வேறு. தவக்காலம் முழுக்க முட்டை கூடாது என்று திருச்சபை மனிதர்களிடம் சொன்னது. கோழிகளிடம் யாரும் சொல்லவில்லை. நாற்பது நாள் ஸ்டாக்! ஈஸ்டரன்று கிளியரன்ஸ். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1290இல் 18 பென்ஸுக்கு 450 முட்டை வாங்கி, சாயம் பூசி, தங்கத்தாள் ஒட்டி அரண்மனை ஆட்களுக்குக் கொடுத்தார். என்னதான் ஜிகினா ஒட்டினாலும் உரித்தால் அதே வெள்ளைக்கரு.

இந்த அடுப்படிக் கணக்கு பண்டிதர்களுக்குப் பிடிக்குமா? 725இல் பீட் என்ற துறவி, ஈயோஸ்டர் என்றொரு தேவதை பெயரில் மாதம் இருந்தது என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். முட்டையும் இல்லை, முயலும் இல்லை. 1835இல் யாக்கோப் கிரிம் (ஆமாம், அந்தத் தேவதைக்கதை அண்ணன்தான்) அவளுக்கு ஜெர்மனியில் கோயில் கட்டாத குறை. 1874இல் வந்த, ஹோல்ட்ஸ்மான் என்பவரின் புத்தகம், முயல் அவளுடைய விலங்காக இருக்கலாம் என்றது. இன்று ஃபேமிலி குரூப்பில் வரும் வாட்ஸ்அப்பில் மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, அந்த ‘இருக்கலாம்’ மட்டும் காணோம்.

சிலுவை போட்ட பன்னையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1592இல் லண்டனில் மசாலா பன்னைப் புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், சாவு வீடு தவிர மற்ற சமயத்தில் விற்கத் தடை. பன் தின்ன ஆசைப்பட்டவன் யார் சாவான் என்று பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் நேரே பைபிளிலிருந்து வந்தது ஓலைதான். ஓஃபிர் ரோட்டில் 1888இல் எழுந்த, தமிழ்க் கத்தோலிக்கர்களின் லூர்து அன்னை ஆலயத்தில் குருத்தோலை ஞாயிறு வந்தால் பாருங்கள். பாட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு சிலுவை மடிப்பார். பக்கத்தில் பேரன், மிச்ச ஓலையில் கைக்கடிகாரம் செய்து கட்டிக்கொண்டு, பூசை எப்போது முடியும் என்று அதிலேயே மணி பார்த்துக்கொண்டிருப்பான்.