கோட்டு போடாதவருக்குத் தண்டனை

சில உல்லாசக் கப்பல்களில் ‘ஃபார்மல் நைட்’ என்றொரு சடங்கு உண்டு. அன்றிரவு பெரிய சாப்பாட்டு அறைக்குள் நுழைய ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு நீளக் கவுன் போன்ற விருந்து உடை வேண்டும். புக்கிட் செந்தோசாவிலிருந்து போர்ட் கிள்ளானுக்குப் போய்க் கப்பல் ஏறும் நம்மவருக்கு இதில் ஒரே சிக்கல்: கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு இப்போது வயிற்றை ஒப்புக்கொள்வதில்லை.

நம் பாட்டன்மாருக்கு இந்தக் கவலையே இல்லை. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல், சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் ஏற்றி 1973 வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கூட்டத்திடம் யார் போய் ‘டை எங்கே?’ என்று கேட்பது? கோட்டு மாட்டிக்கொண்டு வியர்ப்பதெல்லாம் மேல்வகுப்புத் துரைமார் பாடு.

துரைமார் போய்விட்டார்கள், புழுக்கம் போகவில்லை. நல்லவேளை, மலேசியாவில் அரசாங்க விருந்துக்கே நீளக்கை பாத்தேக் சட்டை போதும். கப்பலுக்கு மட்டும் என்ன தனி ராஜமரியாதை?

அதையும் போடாமல் டி-சட்டையோடு நின்றால் பஃபே பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதாவது, வேண்டியதை வேண்டிய அளவு, வேண்டிய தடவை எடுத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் தண்டனை. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் தமிழன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.