சிலிண்டர்காரரும் ஒரு வாத்தியார்தான்

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். ஒன்பது மணிக்குக் கணக்குப் பாடம் என்று அட்டவணை போட்டால், அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலும் சிலிண்டர்காரரும் மாமியாரின் மாத்திரையும் வந்து நிற்கின்றன. எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள், சகோதரி. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குத்தான் மணி அடிக்க வேண்டும். இரண்டே பேருக்குக் காலையில் இரண்டு மணி நேரம் புத்தகம் போதும்.

மீதியை அடுப்படி பார்த்துக்கொள்ளும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், மொத்தத்தில் உளுந்து கால் பங்கா, ஐந்தில் ஒரு பங்கா? மூத்த பிள்ளையைக் கேளுங்கள், கொஞ்சம் தடுமாறும். நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுவதால்தான் மாவு பொங்குகிறது. மார்கழியில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்று பிள்ளைகளே தெர்மாமீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். சிலிண்டர்காரர் வந்தால் எடை போடச் சொல்லுங்கள். சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்தால் 14.2 கிலோ வர வேண்டும். பிள்ளைகள் போடும் கழித்தல் கணக்கில் உங்கள் காசும் பத்திரம்!

சான்றிதழைப் பற்றிக் கலங்க வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

மதியம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். மாலைப் பாடமும் பாத்திரமும் உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.