பாட்டி பார்த்த போரும் நான் படித்த போரும்

1972 கோடை விடுமுறை. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை வாடகை நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு நாளொன்றுக்குப் பத்துப் பைசா. அட்டையில் ஒரு விமானம் தீப்பற்றி விழுந்துகொண்டிருந்தால் அந்தப் புத்தகம் எனக்குத்தான். கேப்டன் டபிள்யூ. ஈ. ஜான்ஸ் எழுதிய, பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானியின் கதைகள். எனக்குப் பதினோரு வயது, ஆங்கிலம் பாதிதான் புரியும். மீதியை என் வாயிலிருந்து வந்த எஞ்சின் சத்தம் நிரப்பியது.

முதல் உலகப் போர், பிரான்ஸ் வானம், சாப்வித் கேமல் விமானம். பிக்கிள்ஸ் வீழ்த்திய ஒவ்வொரு ஜெர்மன் விமானத்துக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைப்பேன். அந்த விமானங்களுக்குள் ஆள் இருந்தது என் நினைவிலேயே இல்லை.

அதே கூடத்தில் பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார்கள். மறுநாளே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போனார்களாம். "சத்தம்கூடப் பரவாயில்லடா. எண்ணெய்த் தொட்டி எரிஞ்ச வெளிச்சம் சுவர்ல ஆடிச்சு பாரு, அதான் பயம்" என்று ஆரம்பிப்பாள். "அப்புறம் சொல்லு பாட்டி" என்று சொல்லிவிட்டு நான் பக்கத்தைப் புரட்டுவேன். அந்த அப்புறம் வரவே இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் பாட்டி போய்விட்டாள்.

மாதம் ஒருமுறை விடியற்காலையில் என் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டியவளும் அவள்தான். கேமல் விமானத்தின் சுழல் எஞ்சினுக்கு ஊற்றியதும் அதே விளக்கெண்ணெய் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. எஞ்சின் கக்கிய எண்ணெய்ப் புகையை விழுங்கி விழுங்கிக் குடல் கலங்கியபடியேதான் கேமல் ஓட்டிய பையன்கள் சண்டை போட்டார்கள். கேமல் வளைந்து திரும்புவதில் கெட்டி. புதியவன் கையில் அதுவே எமன். அதை ஓட்டியவர்களில் சண்டையில் இறந்தவர்கள் 413 பேர் என்றும், சண்டையில்லாமல் விபத்திலும் மற்றபடியும் இறந்தவர்கள் 385 பேர் என்றும் கணக்கு இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு, 1932-இல் வந்த முதல் பிக்கிள்ஸ் தொகுப்பான 'தி கேமல்ஸ் ஆர் கமிங்' நூலை அதன் மூலவடிவத்தில் தேடி வாங்கிப் படித்தேன். நான் அறிந்த பிக்கிள்ஸ் அதில் இல்லை. இருபது வயதுகூட நிரம்பாத, ஒல்லியான, கைகள் ஓரிடத்தில் நிலைக்காத ஒரு பையன் இருந்தான். காதலித்த பெண் ஒற்றர் என்று தெரிந்து உடைந்துபோகிறான். போரின் கடைசி நாட்களில் காலை உணவுக்கு முன்பே விஸ்கி குடிக்கிறான்.

ஜான்ஸ் இதையெல்லாம் கற்பனையில் எட்டிப் பிடிக்கவில்லை. 1918 செப்டம்பர் 16 அன்று மான்ஹைம் நகரின் மேல் குண்டு போடக் கிளம்பிய அவருடைய டிஎச்-4 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பின் இருக்கையில் இருந்த ஏமி என்ற வீரர் இறந்தார். ஜான்ஸ் போர் முடியும்வரை கைதியாக இருந்தார்.

1950-களில் இந்தக் கதைகளைச் சிறுவர்களுக்காக மறுபதிப்புச் செய்தவர்கள் ஒரு திருத்தம் செய்தார்கள். எதிரியின் பலூனை வீழ்த்துபவருக்குப் பரிசு ஒரு பெட்டி விஸ்கி என்று ஒரு கதையில் வரும். அதை லெமனேட் ஆக்கினார்கள். செத்தவர்கள் மட்டும் செத்தபடியே இருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சாவு ஆகும், சாவைப் பார்த்து நடுங்கிய கை குடித்த குடி ஆகாது என்பது எந்த ஊர் நியாயம்? அந்த விஸ்கிதான் பிக்கிள்ஸின் பயத்துக்கு இருந்த ஒரே சாட்சி. அதை எடுத்துவிட்டுக் கொடுத்த கதையைப் படித்துத்தான் நான் நோட்டில் கோடு கோடாகப் போட்டேன்.

போன மாதம் பேத்தியிடம் அந்தப் பழைய வடிவத்தைக் கொடுத்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாவது கதையில் நிமிர்ந்தாள்.

"தாத்தா, விமானம் தீப்பிடிச்சா குதிக்க வேண்டியதுதானே? இவங்ககிட்ட பாராசூட் இல்லையா?"

நாற்பதுக்கும் மேற்பட்ட பிக்கிள்ஸ் புத்தகம் படித்தவன் நான். இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பலூனில் இருந்து வேவு பார்த்தவர்களுக்கு பிரிட்டிஷ் படை பாராசூட் கொடுத்தது, விமானிகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை, 1918-இல் ஜெர்மன் விமானிகளிடம்கூட அது இருந்தது என்று சொன்னேன். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். எம்டன் குண்டு போட்டதைப் பற்றிச் சொன்னேன். "உங்க பாட்டி வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். சுவரில் ஆடிய வெளிச்சத்தையும் காஞ்சிபுரம் போன வண்டியையும் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குப் போர்க்கதை கொடுங்கள். வெட்டாத, மாற்றாத பதிப்பைத் தேடிக் கொடுங்கள். 1942-இல் போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த குழந்தைகளில் ஒருவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், உங்கள் பிள்ளையை இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.