கீறலுக்குக் கூடுதல் விலை

எலக்ட்ரிக் கிட்டார் என்பது அடிப்படையில் ஒரு மரப்பலகை. அதன்மேல் ஆறு எஃகுக் கம்பிகள். அவற்றுக்கு அடியில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினால் அதுதான் பிக்கப். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து செப்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்கித் தெருவுக்கே கேட்க வைக்கிறது. பள்ளிக்கூட இயற்பியலில் வரும் இந்த மின்காந்தத் தூண்டல், கிட்டாரின் தலையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்ளலாம். அதே உருவம் இன்று கலிஃபோர்னியாவிலும் மெக்ஸிகோவிலும் தயாராகிறது. ஸ்குவையர் என்ற தம்பிப் பெயரில் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. தம்பியின் விலை சில நூறு டாலர். கலிஃபோர்னியா அண்ணனுக்கு அதைப்போல் பல மடங்கு. மரத்தை அறுப்பது எல்லா ஊரிலும் கணினி இயந்திரம்தான். கூலிதான் ஊருக்கு ஊர் வேறு. வேலைப்பாட்டிலும் வித்தியாசம் உண்டு என்பதை மறுக்க முடியாது. மலிவுக் கிட்டாரின் கழுத்தோரம் விரலை ஓட்டினால், குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் அரம்போல் உறுத்தும். சுருதி சேர்த்து அரைப் பாட்டு வாசிப்பதற்குள் கம்பி இறங்கிவிடும். ஆனால் இவை ஒரு நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடக்கூடிய குறைகள்.

அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றில் விரல் பதியும் பலகை இந்திய ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே இனம்தான். அது கடல் தாண்டிப் போய், பெயர் ஒட்டிக்கொண்டு திரும்பும்போது சுங்க வரியும் கட்டுகிறது.

விலைப் பட்டியலின் மேல் வரிசையில் இருப்பது ‘ரெலிக்’. 1990-களின் நடுவில் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் தொடங்கிவைத்த வியாபாரம் இது. புதுக் கிட்டாரின் பெயின்டை உரித்து, திருகாணிக்குத் துரு ஏற்றி, முழங்கை உரசும் இடத்தில் மரம் தெரியத் தேய்த்து, இருபது வருஷம் மேடையில் பட வேண்டிய அடியை ஆள் வைத்து அடித்துத் தருகிறார்கள். அதே கீறலை வீட்டுப் பிள்ளை போட்டால் மறுவிற்பனையில் விலை குறையும். தொழிற்சாலை போட்டால் ஏறும்.

கிப்சன் நிறுவனத்தின் கதை வேறு. 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் அன்று சரியாகப் போணியாகாமல் நிறுத்தப்பட்டது. இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. பின்னோக்கிச் சாய்ந்த அதன் தலைப்பகுதி கீழே விழுந்தால் கழுத்தோடு முறியும் என்பது ஊரறிந்த விஷயம். விலை அதற்கும் காப்பு இல்லை.

நிறுவனப் பெயரே இல்லாத கிட்டார்களும் பெரிய மேடை ஏறியிருக்கின்றன. குவீன் குழுவின் பிரையன் மே, 1960-களில் தம் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிட்டார்தான் அவருடைய பெயர்பெற்ற ரெட் ஸ்பெஷல். கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மரம். அதில் பதித்த முத்துப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பொத்தான்கள். வாசிப்பது ஆறு பென்ஸ் நாணயத்தால்.

பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி, விற்கும்போது திரும்பி வரும். அந்த அளவுக்கு அது நியாயம். மற்றபடி கேட்பவர் காதில் விழுவதில் பெரும்பங்கு ஆம்பும் ஸ்பீக்கரும். முதல் கிட்டார் வாங்குகிறவர் நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து, ஃபிரெட்டைச் சீர்செய்து, மிச்சப் பணத்தை நல்ல ஆம்பில் போடுவது நல்லது.