ராணிக்குக் கோட்டை, யாருக்குப் பட்டா?

கேள்வி: எங்கள் ஊர்க் கிருஷ்ணகிரி மலைக்கு 'ராணிக்கோட்டை' என்றே பெயர். "பெண்ணுரிமையில் செஞ்சி எப்போதோ முன்னேறிவிட்டது" என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?
- ஒரு வாசகி, செஞ்சி

பதில்: மலையை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மனையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும் ரகம் போலிருக்கிறது!

1714-இல் உங்கள் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா போரில் மாண்டார். மனைவி உடன்கட்டை ஏறினார். மனமுருகிய ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அந்த ராணியின் நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பார்கள். ஊரே கிடைத்தது, உயிர்தான் போய்விட்டது.

பட்டம் வேறு, உரிமை வேறு அம்மா. பிலிப்பைன்ஸ் நாடு கொராசான் அக்கினோ, குளோரியா அரோயோ என இரண்டு பெண் அதிபர்களைப் பார்த்துவிட்டது. ஆனால் முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்கு அங்கே விவாகரத்துச் சட்டம் இன்னும் வரவில்லை. அடிக்கிற கணவனைப் பிரிந்து வாழலாம். மறுமணம் வேண்டுமானால், முதல் திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டும், வக்கீலுக்குக் காசு வேண்டும்.

நமக்குச் சட்டத்தில் குறையில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது. டெல்லிக்கு அது 2005-இல்தான் உறைத்தது. ஆனால் பத்திர ஆபீஸ் வாசலில் அண்ணன் குரல் தேனாகிவிடும்: "விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போடும்மா, சீர்செனத்தி நான் பார்த்துக்கறேன்." பார்த்துக்கொள்ளவும் செய்வார்: பொங்கலுக்கு ஒரு புடவை, இரண்டு முழம் பூ. தங்கை விட்டுக்கொடுத்தது ஒன்றரை ஏக்கர் நஞ்சை.