நான் உள்ளே இருக்கிறேனாம்

அனுப்புநர்: வெளியே நிற்கும் நான்.
பெறுநர்: சான்றிதழ் வழங்கும் இணையதளச் சமூகம் அவர்கள்.
பொருள்: உள்ளே இருக்கும் என்னை வெளியே அனுப்பி வைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: நேற்று மாலை 4.10 மணிக்குத் தாங்கள் சிவப்பு எழுத்தில் அருளிய செய்தி.

பேரன்புக்குரிய தளமே,

நேற்று எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில், எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நிற்க, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் உரக்கப் படித்தார்: "சார், நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்களாம்."

ஒன்பது பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். 61 வயது, வேட்டி, மஞ்சள் பை. "இல்லம்மா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன். 33 ஆண்டு அரசு அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவனால், நான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒன்பது சாட்சிகளை வைத்துக்கொண்டும் நிரூபிக்க முடியவில்லை. கடைசியில் நின்ற பையன் சிரித்தே விட்டான்.

தங்கள் மீது தவறில்லை. காலையில் வீட்டில் ஐந்து பக்கம் நிரப்பினேன். ஆறாவது பக்கத்தில் ஆதாரை 200 கேபிக்குள் கேட்டீர்கள். சுருக்கினேன், எழுத்து தெரியவில்லை. பெருக்கினேன், தாங்கள் ஏற்கவில்லை. ஒருவழியாக இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், "உங்கள் அமர்வு முடிந்தது" என்றீர்கள். உட்கார்ந்தது போதும் என்கிறீர்களாக்கும் என்று எழுந்து நின்றும் பார்த்தேன். பலிக்கவில்லை. மாலையில் பிரவுசிங் சென்டருக்கு வந்து மறுபடி நுழைந்தபோதுதான் எனக்கு முன்பே நான் உள்ளே இருக்கும் செய்தி தெரிந்தது.

உதவி எண்ணில் இனிமையான குரல். "லாக் அவுட் பண்ணிட்டு லாகின் பண்ணுங்க சார்."

"எங்கே லாக் அவுட் பண்ணுவது?"

"உள்ள போனா வலது மூலையில இருக்கும் சார்."

தரமணியில் இணையதளம் கட்டும் தொழில் பார்க்கும் அக்கா மகனிடம் கேட்டேன். "வெப் சர்வருக்கு ஞாபகமே கிடையாது மாமா. ஒவ்வொரு கிளிக்கும் அதுக்குப் புது ஆள். 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுலி என்பவர் அதற்குத்தான் குக்கி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டினால்தான் நீங்கள் நீங்களே."

புரிந்தது. தாங்கள் என் டோக்கனைச் செல்லாது என்று அறிவித்துவிட்டீர்கள். ஆனால் செருப்பு அலமாரியில் இருக்கிறதே, ஆகவே நான் சன்னதியில்தான் நிற்கிறேன் என்று முடிவும் கட்டிவிட்டீர்கள். உள்ளே வந்தவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத ஒருவர். நேரம் முடிந்ததும் கழுத்தைப் பிடித்துத் தள்ள இன்னொருவர். தள்ளுகிறவர் பதிவேட்டைத் தொடுவதே இல்லை. நாமே லாக் அவுட்டை அமுக்கினால்தான் பெயரை அடிப்பார்களாம். அலுவலகத்தில் வளர்ந்தவன் நான். இந்த ஏற்பாட்டை வணங்குகிறேன்.

உள்ளே இருக்கும் அவர் சௌக்கியமா? சாப்பிட்டாரா? என் மனைவி, "அங்க இருக்கிறவர் சொன்ன பேச்சு கேப்பாரான்னு விசாரிங்க" என்கிறாள்.

நேரத்தைப் பற்றியும் அக்கா மகன் சொன்னான். யாரும் கை வைக்காமல் விட்டாலே, தளங்களை இயக்கும் மென்பொருள்களில் ஏஎஸ்பி டாட் நெட் 20 நிமிடம் தரும், டாம்கேட் 30 நிமிடம், பிஎச்பி 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். அவன் கடிகாரம் வைத்துப் பார்த்தான்: தாங்கள் தருவது ஐந்து. பணம் புழங்கும் இடத்தில் அந்தக் கண்டிப்பு நியாயம். என் இருப்பிடச் சான்றைத் தூக்கிக்கொண்டு ஓட யார் வரப்போகிறார்கள்? எல்லாருக்கும் எட்டும்படி தளம் கட்டுவதற்கென்று டபிள்யூசிஏஜி விதிகள் இருக்கின்றனவாம். நேரம் முடியுமுன் எச்சரிக்க வேண்டும், ஒரு தட்டில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும் என்கின்றனவாம். தங்களைப் போன்ற பெரியவர்களுக்கு விதி எதற்கு!

எனக்கு அடுத்து நின்றவர் ஓர் அம்மா. விதவைச் சான்றுக்கு மூன்றாவது நாளாக வந்திருக்கிறார். மூன்று நாள் கூலி போயிற்று. அவருக்கும் அதே சிவப்பு எழுத்து. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் கேட்டார்: "நான் எதையாச்சும் தப்பா அமுக்கிட்டேனா கண்ணு?" அவர் விசைப்பலகையைத் தொடவே இல்லை. இது செருப்பு டோக்கன் இல்லை, வேடிக்கையும் இல்லை. ஒரு பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க நான்கு வரி எழுதச் சோம்பிய யாரோ ஒருவரின் குற்றத்தை, மூன்று நாள் கூலியை இழந்தவர் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறார். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். வெயில்.

பெருந்தகையே, கேட்பது கொஞ்சம்தான். தள்ளும்போது பெயரையும் அடியுங்கள். புதிதாக ஒருவர் நுழைந்தால் பழையவரை அனுப்பிவிடுங்கள். நிரப்பிய ஐந்து பக்கத்தை எங்காவது ஒரு மூலையில் பத்திரமாக வையுங்கள். இவை முடியாதென்றால், சான்றிதழை உள்ளே இருக்கும் என்னிடமே கொடுத்துவிடுங்கள். எப்படியும் தங்கள் கணக்கில் என் நிரந்தர இருப்பிடம் அதுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெளியே நிற்கும் நான்.

நகல்: உள்ளே இருக்கும் நான் – தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும். எழுந்து வருமுன் அந்த அம்மாவின் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டு வரவும்.