குடும்பச் சுற்றுலாவில் ஒரு டிரையத்லான் வீரர்

நடுத்தர வயதுக் குடும்பத் தலைவர்களிடையே அண்மைக் காலத்தில் தோன்றியிருக்கும் ஒரு வகையினர், வார இறுதியைக் குடும்பத்தோடு கழிப்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் புறப்பட்டு, அந்த வார இறுதி முழுவதும் குடும்பத்தின் கண்ணில் படாமலேயே இருந்துவிட்டுத் திரும்பும் திறம் படைத்தவர்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டியே இத்திறத்துக்கு மூலகாரணம். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1974ஆம் ஆண்டு ஓட்டக்காரர்கள் சிலர் பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்விளையாட்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. 1978ஆம் ஆண்டு ஹவாயில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த நெடுந்தொலைவுப் போட்டி அயர்ன்மேன் என்று பெயர் பெற்றது. அதில் சரிபாதித் தொலைவு கொண்டதும், மூன்று பகுதிகளின் மைல் கணக்கையும் கூட்டிவரும் எண்ணால் 70.3 எனப்படுவதுமான போட்டி, 2019ஆம் ஆண்டு கோவாவின் மிராமர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. கோவா என்ற சொல்லுக்கு எந்த வீட்டிலும் மறுப்பு எழுவதில்லை என்பதைச் சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவன மேலாளர்கள் கண்டுகொள்வதற்கு நெடுநாள் ஆகவில்லை.

இவ்வகையினர் போட்டிக்கு முதலில் பணம் கட்டிவிட்டு, அதன் பிறகே குடும்பத்தாரிடம் "எங்கேயாவது போகலாமா?" என்று கருத்துக் கேட்பர். பல சுற்று ஆலோசனைக்குப் பின் கோவா என்ற முடிவு தானாகவே எட்டப்பட்டதாக வீட்டார் நம்புவர். சக்கரங்கள் கழற்றப்பட்ட சைக்கிள் ஒரு பெரும்பெட்டிக்குள் அடங்கி விமான நிலையத்தில் தம் பெட்டிகளுக்கு முன்னால் நிற்பதைக் கண்ட பிறகே அந்நம்பிக்கை தளரும். மனைவியின் துணிமணிகளில் பாதியை எடை காரணமாக வீட்டிலேயே நிறுத்திய அதே தலைவர், அந்தப் பெட்டிக்கு மட்டும் கூடுதல் கட்டணத்தை முகம் மலரச் செலுத்துவார்.

போட்டிக்கு முந்தைய நாள் அவர் மீன் குழம்பின் ஊருக்கு வந்தும் தயிர் சாதத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். புதிய உணவு வயிற்றைக் கெடுக்கும் என்பதும், மாவுச்சத்தைத் தசைகளில் சேமித்துவைக்க வேண்டும் என்பதும் அவர் கூறும் காரணங்கள். இரவு எட்டு மணிக்கு அறை விளக்கு அணைந்துவிடும். தொலைக்காட்சியை ஒலியின்றிப் பார்ப்பதற்குப் பிள்ளைகளும், குளியலறையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்ப்பதற்கு மனைவியும் பழகிக்கொள்வர். விடியும் முன்பே அலாரம் அடிக்கும்; அவரைத் தவிர அறையில் உள்ள அனைவரும் எழுந்துகொள்வர், ஏனெனில் அவர் பதற்றத்தில் உறங்கியிருக்கவே மாட்டார்.

போட்டியில் அவரை உற்சாகப்படுத்துவது குடும்பத்தின் பொறுப்பு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தும் நூற்றுக்கணக்கானோரும் ஒரே தோற்றத்தில் ரப்பர் தொப்பி அணிந்திருப்பதால், குடும்பத்தார் ஆர்வத்தோடு கையசைப்பது பெரும்பாலும் வேறு யாருடைய தந்தைக்கேனும் சென்று சேரும். 90 கிலோமீட்டர் சைக்கிள் பகுதியில் அவர் தம்மைக் கடந்து செல்லும் கணத்துக்காக அவர்கள் வெயிலில் நெடுநேரம் காத்திருப்பர்; மனைவி எடுக்கும் புகைப்படத்தில் பின்சக்கரமும் ஒரு முழங்காலும் மட்டும் விழுந்திருக்கும். 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர் களைத்து வருவதைக் கண்டு மகன் தண்ணீர்ப் புட்டியோடு கூடவே ஓட முனைந்தால், போட்டியில் இல்லாதவர் உதவுவது விதிமீறல் என்று அவர் மூச்சிரைக்க எடுத்துரைப்பார். விதிகளின்படி அவர் அனைத்தையும் தனியொருவராகவே சாதித்தாக வேண்டும்.

கழுத்தில் பதக்கம் விழுந்த பிறகு அவர் நொண்டியபடியே அறைக்குத் திரும்புகிறார். "ஏங்க, நாளைக்காவது படகுல போய் டால்பின் பார்க்கலாமா?" என்று மனைவி கேட்க, "உடம்பு ரெகவர் ஆகணும்மா" என்று கூறிக் கட்டிலில் சாய்கிறார்; அதாவது, தசைகள் பழைய நிலைக்கு மீளும்வரை ஓய்வெடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாம். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும்போது காலுறை அணிந்ததில் வீணான விநாடிகளை அவரால் துல்லியமாகச் சொல்ல முடியும். பிள்ளைகள் கடலில் கால் நனைத்தார்களா என்பது மட்டும் அவர் கணக்கில் வராது. ஊர் திரும்பியபின் அலுவலகத்தில் அவர் இப்பயணத்தை விவரிக்கும்போது, "ஃபேமிலியோட சூப்பரா என்ஜாய் பண்ணோம்" என்று தொடங்குவதில் பொய்யென்று எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்.

ஆகவே, சுற்றுலா என்றாலே தட்டிக்கழிக்கும் கணவர் ஒருவர், மழைக்காலம் ஓய்ந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் தாமாகவே முன்வந்து கோவாவுக்குப் போகலாம் என்று சொன்னால், இல்லத்தரசிகள் உடனே மகிழ்ந்துவிடாமல், அந்த ஆண்டின் போட்டித் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்.